வெறும் பேணி

1

பக்கத்து வீட்டு ஹெலன் ஒரு சனிக்கிழமை காலை வந்து என்னுடைய கண்ணாடிக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தார். முந்திய வாரம் அதில் கத்தரிக்காய்ப் பால்கறி கொடுத்திருந்தேன். கிண்ணம் பளபளவென்று இருந்தது. என் குசினியில் இருந்த காலத்தில் அது ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நல்ல ருசி என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். நான் வாசலிலேயே நின்று கிண்ணத்துக்குள் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நெஞ்சு பக்கென்றது.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. கொலம்பஸ் நகரத்தின் ஓரத்தில், ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் நாற்பது வீடுகளில் எங்களுடையது பதினெட்டாவது. ஹெலன் தங்கமான மனிசி. பனி கொட்டினால் தன் வாசலோடு எங்கள் வாசலையும் வழித்துவிடுவார். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வெறுமையாகத் திரும்பி வரும் பாத்திரத்தைக் கண்டால் என் உடம்பு என்னைக் கேட்காமலே பயந்துவிடும்.

"என்னம்மா, பேயைக் கண்டமாதிரி நிற்கிறீர்கள்?" என்று என் மகள் அபி ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டில் இப்போது எழுதாத ஒப்பந்தம்.

"வெறுமையாத் தந்திட்டா" என்றேன்.

"கழுவித்தானே தந்திருக்கிறார். வேறு என்ன வேண்டும்?"

ஒரு தேசிக்காய், ஒரு பிடி சீனி, ஏன் ஒரு கறிவேப்பிலைக் கொப்பாவது போட்டுத்தான் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

உண்மையில் அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த பயத்துக்கு ஹெலன் மட்டும் காரணமில்லை. அந்த வாரம் நான் வேலை செய்யும் கந்தோரில் ஒரு பெரிய பிழை விட்டிருந்தேன். என்னைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. என்னைப்போல் திருகோணமலைக்காரர் யாராவது அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அவரும் அதே பிழையைத்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

நான் செய்யும் வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று வருடம் பிடித்தது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கே நோய் வருத்தம் வந்து வைத்தியரிடம் போனால், செலவைக் காப்புறுதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அதற்கு வைத்தியரின் கிளினிக்கில் இருந்து ஒரு விண்ணப்பம் போகவேண்டும். அதைக் கிளெய்ம் என்பார்கள். முன்பு கடதாசியில் போனது, பிறகு கணினிக்குக் கணினி தொலைபேசிக் கம்பி வழியாகப் போனது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பாஷை. ஒருவர் பிறந்த திகதியை முன்னால் கேட்பார், மற்றவர் பின்னால் கேட்பார். இப்போது அரசாங்கம், எல்லோரும் ஒரே பாஷையில்தான் தரவு பரிமாற வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. நான் வேலை செய்யும் காப்புறுதி நிறுவனம் தன் இருபது வருடப் பழைய ஏற்பாட்டைக் கழற்றிவிட்டுப் புதிதைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூட்டும் ஆட்களில் நானும் ஒருத்தி.

என் பங்கு பதில் அனுப்புவது. ஒரு கிளினிக்கில் இருந்து கிளெய்ம்கள் அடங்கிய கோப்பு வந்தால், வந்தது, வாசித்தோம், ஏற்றுக்கொண்டோம் என்று எங்கள் கணினி திருப்பிச் சொல்லவேண்டும். புதிய பாஷையில் நல்ல பதில் மொட்டையாக இருக்கும். கோப்பின் இலக்கம், ஏற்றுக்கொண்டதற்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஏதாவது பிழை இருந்தால் மட்டுமே கீழே குறிப்பு எழுதலாம்.

இதை முதலில் வாசித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நம்பி அனுப்பியிருக்கிறார், ஒன்றுமில்லாமல் திருப்பி அனுப்புவதா? ஒருநாள் மத்தியானம், ஒருவரையும் கேட்காமல், நல்ல பதில்களின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'உங்கள் கிளெய்ம்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, நன்றி.' சேர்த்த பிறகுதான் மனம் ஆறுதலாக இருந்தது. எங்கள் பரிசோதனை இயந்திரங்கள் அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை. நல்ல பதிலை எவரும் திறந்து வாசிப்பதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் இங்கே இருப்பது என்னுடைய வேலை விசாவில். என் வேலை போனால் என் கணவருடைய இருப்பும் அபியின் பள்ளிக்கூடமும் சேர்ந்து போகும். இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டிய பச்சை அட்டைக்கான விண்ணப்பம் ஒரு வருடமாகக் கந்தோரில் நகர்ந்து நகர்ந்து, அந்த மாதம்தான் என் மேலாளர் கிரெக்கின் மேசைக்கு வந்திருந்தது. அவர் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு முன் நான் நிரப்பிய படிவங்களில், பிறந்த இடத்துக்குத் திருகோணமலை என்று எழுதும்போதெல்லாம் பெட்டிகள் போதாமல் கடைசி எழுத்துகள் வெளியே நின்றன.

கிரெக் நல்லவர், ஆனால் அவருக்குச் சிரிப்பு வர நேரமெடுக்கும். அம்மாவோடு நான் தொலைபேசியில் கதைப்பதை ஒருமுறை கேட்டுவிட்டு, "தியானம் செய்வதற்குத் தனி அறை இருக்கிறதே" என்றார். அம்மா சொன்னதற்கெல்லாம் ஆமென்று, ஓம், ஓம், ஓமம்மா என்று நான் பத்து நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

3

திருகோணமலையில் எங்கள் வீடு உட்துறைமுக வீதியில், லாஞ்சிப் படகுத் துறைக்கு ஐந்து நிமிட நடை. என் அக்கா வசந்தி கலியாணம் கட்டி கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குப் போனா. நடுவில் கடல் மட்டும்தான். முன்பெல்லாம் காலையில் லாஞ்சி ஏறிப் போய் மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பிவிடலாம். சண்டை தொடங்கிய பிறகு அந்தக் குடா எங்களுக்குச் சமுத்திரமாகிவிட்டது. லாஞ்சி ஓடினால் ஓடும், நேவி மறித்தால் நிற்கும். தபால் இல்லை, தொலைபேசிக் கம்பி அறுந்து தொங்கியது.

எங்களுக்கு இருந்த ஒரே தொடர்பு ஜப்பார் நானா. மூதூரில் இருந்து தயிர்ச்சட்டி கொண்டுவந்து பட்டணத்தில் விற்பவர். லாஞ்சி ஓடும் நாளெல்லாம் அவர் வருவார். அம்மா பால்மா வந்த ஒரு தகரப் பேணியில் மருந்து, பிள்ளைக்கு உடுப்பு, வறுத்த மா என்று அமுக்கி அடைத்து, மூடியைச் சணல் நூலால் கட்டி அவரிடம் கொடுப்பா. அவர் அதை மூதூர்த் துறையடிக் கடையில் வைப்பார். அத்தான் வந்து எடுத்துப்போவார். அடுத்த முறை அதே பேணி அதே வழியால் திரும்பிவரும்.

அது ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லை. அக்காவிடம் என்ன இருந்ததோ அது வரும். புளி வந்தது. வெயிலில் காய்ந்த மிளகாய் வந்தது. ஒருமுறை வீட்டு மரத்துத் தேசிக்காய் நாலு உருண்டுகொண்டு வந்தது. கடிதம் வைக்க முடியாது, துறையில் நேவிக்காரன் எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பான், எழுத்தைக் கண்டால் கேள்விமேல் கேள்வி கேட்பான். அதனால் அம்மா பேணியைத்தான் வாசிப்பா.

"மிளகாய் காயவைக்க நேரம் கிடைச்சிருக்கு. அப்ப சுகமாத்தான் இருக்கிறாள்" என்பா.

தேசிக்காய் வந்த அன்று, "மரத்தில ஏறி ஆய்ஞ்சிருக்கிறாள் கள்ளி, வயித்தில பிள்ளையோட" என்று சிரித்துக்கொண்டே திட்டினா. அக்கா அப்போது ஆறு மாதம். அந்தப் பிள்ளை பிறந்ததைக்கூட ஜப்பார் நானா வாயால் கேட்டுத்தான் அறிந்தோம். அதற்கு எட்டு மாதமாகியும் எங்கள் ஒருவராலும் போய்ப் பார்க்க ஏலவில்லை.

4

கந்தோரின் புதிய ஏற்பாட்டை முதலில் மூன்று சின்னக் கிளினிக்குகளோடு தொடங்கிப் பார்ப்பது என்று முடிவு. புதன்கிழமை திறந்துவிட்டோம். இரண்டு கிளினிக்குகளில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊர்க் கிளினிக். அங்கே கிளெய்ம் அனுப்புவதற்கு இருந்த ஒரே ஆள் டோரத்தி என்ற பெண்மணி.

வியாழன் காலை டோரத்தியின் அழைப்பு என் மேசைக்கு வந்தது.

"என் இயந்திரத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. நேற்றைய கோப்பை அனுப்பினேன். பதில் வந்தது. உடனே அதே கோப்பை அதுவாகவே திரும்ப அனுப்புகிறது. திரும்பப் பதில் வருகிறது. திரும்ப அனுப்புகிறது. இப்போது முப்பதாவது தரம்."

"பதிலில் ஏதாவது பிழை எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"பிழை ஒன்றுமில்லையே. கிளெய்ம்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, நன்றி என்றுதான் இருக்கிறது. நல்ல பண்பான இயந்திரம் உங்களுடையது."

அவர் பாவிக்கும் மென்பொருளின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். டோரத்தியின் பழைய மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பதிலின் கீழே எழுத்து இருந்தால் பிழை, பிழை என்றால் திரும்ப அனுப்பு. நான் நன்றி சொல்லச் சொல்ல அது பயந்து பயந்து அதையே அனுப்பியிருக்கிறது. எங்கள் பக்கத்திலோ ஒரே கிளெய்ம் இரண்டாம் தரம் வந்தால் நிராகரித்து நோயாளிக்குக் கடிதம் போகும். அந்தச் சின்ன ஊரில் இருக்கும் ஆட்களுக்கு, உங்கள் சிகிச்சையை ஏற்கமுடியாது என்று கத்தையாகக் கடிதங்கள் போகத் தயாராக இருந்தன. அவற்றை மறித்துவைக்கச் சொல்லிவிட்டு, டோரத்தியின் இணைப்பையும் நிறுத்தினேன். என் வரியைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். கிரெக் சொன்னார்: "மற்ற இரண்டு கிளினிக்கும் ஒழுங்காக ஓடுகின்றன. ஆகவே பிழை அவர்களுடைய பழைய இயந்திரத்தில். திங்கட்கிழமை அவர்களுக்கு எழுதிவிடுவோம். அவர்கள் திரும்பக் கடதாசிக்குப் போகட்டும்."

அந்தக் கிளினிக் கடதாசிக்குப் போனால் டோரத்தியின் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடதாசி வேலையைப் பக்கத்து நகரத்தில் யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதற்கும் மேலே தெரியும். வாயைத் திறந்தால் பச்சை அட்டை விண்ணப்பம் கிரெக்கின் மேசையில் இருந்து குப்பைக்கூடைக்குப் போகலாம் என்பதும் தெரியும். நான் என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பூ வரைந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலைதான் ஹெலன் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

5

லாஞ்சி பத்தொன்பது நாள் ஓடாமல் நின்ற ஒரு மாதம் இருந்தது. மூதூர்ப் பக்கம் ஷெல் விழுகிறது என்றார்கள். எங்கே, யார் வீட்டில் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளடியில் வேலை. பாதையை மூடினால் அவரும் அங்கேயே நின்றுவிடுவார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். எனக்குப் பதினேழு வயது. அம்மா நாளுக்கு நாலு தரம் துறைப்பக்கம் காது கொடுப்பா, இயந்திரச் சத்தம் கேட்கிறதா என்று.

இருபதாம் நாள் பின்னேரம் சத்தம் கேட்டது. நான் கேற்றடிக்கு ஓடினேன். ஜப்பார் நானா வந்தார். வழக்கத்தில் அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று பேணியைக் கேற்றுக்கு மேலால் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மாட்டக் குடுங்க புள்ள. நேரம் போச்சு" என்றுவிட்டு விறுவிறென்று நடந்தார்.

பேணி பாரமே இல்லை. ஆட்டிப் பார்த்தேன், சத்தமும் இல்லை. அம்மா என் கையில் இருந்து அதைப் பறித்து, நூலை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்து அறுத்துத் திறந்தா. உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த வெறும் தகரம், அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் உப்புப் பூத்திருந்தது.

அம்மா அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டா.

"வெறும் பேணி அனுப்புறவளோ என்ட பிள்ளை? அவள் இல்லையடி. வேற ஆரோ கழுவிக் குடுத்து விட்டிருக்கினம்."

அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பேணியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலடியில் இருந்தா. விடிந்த பிறகும் அப்படியே இருந்தா. பட்டணத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து எங்கள் வேலிப் பூவரசை மேய்ந்தது, அதைக்கூட விரட்டவில்லை.

காலை ஏழு மணிபோல ஜப்பார் நானா திரும்ப வந்தார். இந்தமுறை கேற்றைத் திறந்து உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றார்.

"தங்கச்சி, என்னை நீங்க ஏசினாலும் சரி. அந்தப் பேணி வெறும் பேணி இல்ல. நேத்து நடுக்கடல்ல நேவிக்காரன் எங்களை மறிச்சு ஆறு மணித்தியாலம் வெச்சிருந்தான். லாஞ்சியில மூணு சின்னப் புள்ளைகள். பசியில கத்துதுகள், தாய்மாரிட்ட ஒண்டுமில்ல. என்னால பாத்துட்டிருக்க ஏலாமப் போச்சு. உங்கட பேணியத் தொறந்து குடுத்துட்டன். கடல் தண்ணியில கழுவி மூடினன். நேத்துச் சொல்ல வாய் வரல்ல."

அம்மா எழுந்து நின்றா. "என்ன நானா இருந்தது உள்ளுக்கு?"

"கொழுக்கட்டை. அவ்வளவும் கொழுக்கட்டை. என்னமோ தேங்காய்ச் சொட்டுக் குத்தி வெச்சிருந்திச்சு."

"சொட்டுக் குத்தியோ? எத்தினை சொட்டு?"

"ஒண்டொண்டில ரெண்டு ரெண்டு. ஏன் தங்கச்சி?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு அழுதா, பிறகு சிரித்தா, இரண்டும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்கு முதல் பல்லு முளைத்தால் எங்கள் பக்கத்தில் பல்லுக் கொழுக்கட்டை அவிப்போம். சின்னத் துண்டாக வெட்டிய தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி வைத்து, பிள்ளையின் தலையில் கொட்டிக் கொண்டாடுவோம்.

"பல்லு முளைச்சிட்டுது! ஜெயா, கேட்டியே, என்ட பேரனுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டும் முளைச்சிட்டுதாம்!"

ஷெல் விழுந்த மாதத்தில் என் அக்கா அரிசி இடித்துக் கொழுக்கட்டை அவித்திருக்கிறா. அதைவிடப் பெரிய சுகச்செய்தி எங்களுக்கு அந்த வருடம் வரவில்லை. ஜப்பார் நானா ஒன்றும் விளங்காமல் முற்றத்தில் நின்றார். அம்மா அவரை இழுத்துக் கதிரையில் இருத்தி, சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தா. சீனி அப்போது பவுன் விலை.

6

ஞாயிறு காலை, அங்கே பின்னேரம், அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது சண்டை நின்று சமாதான காலம் என்பதால் இணைப்பு உடனே கிடைக்கிறது. எத்தனை நாளைக்கு இது நிலைக்கும் என்று அம்மாவும் நானும் கதைப்பதில்லை. ஹெலனின் கிண்ணத்தைச் சொன்னேன். கந்தோர்க் கதையைச் சொல்லவில்லை.

"அவளுக்குத் தெரியாது பிள்ளை. அவையளின்ட வழக்கம் அது" என்றா அம்மா. பிறகு, எதிர்பார்த்ததுபோலவே, பேணிக் கதைக்கு வந்தா. "அந்த மனிசன் அண்டைக்கு விடிய எத்தினை தரம் வந்தது எண்டு உனக்குத் தெரியுமே?"

"ஒருதரம்தானே. ஏழு மணிக்கு."

"நீ நித்திரை. நான் யன்னலடியில இருந்தனான், கெட்ட சேதி எண்டு பயந்து கூப்பிடேல்லை. ஆறு மணிக்கு வந்து கேற்றில கை வைச்சிட்டுத் திரும்பிப் போனவர். பிறகும் வந்து வேலியடியில நிண்டிட்டுப் போனவர். மூண்டாம் தரம்தான் உள்ளுக்கு வந்தவர். தயிர்ச்சட்டி விக்கிறது எங்கட தெருவிலதான். நான் நாலு பேருக்குச் சொன்னால் அவரை ஆரும் நம்பி ஒண்டும் குடுத்துவிடாயினம். அவருக்கு அது நல்லாத் தெரியும்."

"இதை ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே" என்றா அம்மா. "அவர் பேசாமல் விட்டிருந்தால் நான் அந்தப் பேணியைக் கட்டிப்பிடிச்சே செத்திருப்பன். சரி, உன்ட குரல் ஏன் ஒருமாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா."

"ஓம், ஒண்டுமில்லை" என்றா அம்மா. அவவுக்குப் பேணியை வாசிக்கத் தெரியும், என்னை வாசிக்கத் தெரியாதா.

தொலைபேசியை வைத்த பிறகு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனால் போகட்டும். ஊருக்குப் போய்க் கோணேசர் கோவிலடியில ஒரு கடை போடுவம்" என்றார். சொல்லும்போது அபியின் அறைப் பக்கம் பார்த்தார். அவரும் பயந்துதான் இருந்தார்.

7

திங்கட்கிழமை கிரெக்கின் அறைக் கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தரம் போய், அவர் தொலைபேசியில் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அவர் தொலைபேசியில் இல்லை. மூன்றாம் தரம் உள்ளே போனேன்.

"டோரத்தியின் இயந்திரத்தில் பிழை இல்லை. பதிலின் கீழே ஒரு வரி இருக்கிறது. நான்தான் போட்டேன்."

கிரெக் பேனையை மேசையில் வைத்தார். "ஏன்?"

ஆறு வருடமாக அந்த மனிதரோடு ஆங்கிலம் கதைக்கிறேன். அன்று எல்லாச் சொல்லும் ஓடி ஒளித்துவிட்டன. எப்படியோ பேணியை, லாஞ்சியை, ஜப்பார் நானாவை, கொழுக்கட்டையை அவர் முன்னால் கொட்டினேன். கொழுக்கட்டைக்கு ஆங்கிலம் தெரியாமல் கையால் பிடித்துக் காட்டினேன். எங்களுக்கு வெறுமையாகத் திருப்பி அனுப்பத் தெரியாது, அது கெட்ட செய்தி என்று சொல்லி முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டில், ஒருவருக்கும் சொல்லாமல் கை வைத்திருக்கிறாய்" என்றார். "நாலு நாளாக அது தெரிந்தும் இருந்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தாய்." அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. தலையாட்டினேன். கதிரைக்குப் போய் வேலையைப் பார் என்றார்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பெயரில் ஏறியது. அடுத்த மூன்று மாதத்துக்கு நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் வாசித்த பிறகே உள்ளே விடுவார்கள். டோரத்திக்குக் கடதாசிக்குப் போகச் சொல்லும் கடிதம் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மன்னிப்புக் கடிதம் போனது, அதை என்னைக்கொண்டே எழுதுவித்தார் கிரெக். பச்சை அட்டை விண்ணப்பம் மட்டும் மூன்று நாளாக அவர் மேசையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை.

வியாழன் பின்னேரம் அவரே என் மேசைக்கு வந்து அதை வைத்தார். கையெழுத்து இருந்தது.

"நீயாகச் சொல்லியிராவிட்டால் நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன்" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "அந்தக் குழந்தைக்கு இப்போது எத்தனை பல்?" என்று கேட்டார்.

"அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

வரியை அழித்துவிட்டு டோரத்தியின் இணைப்பைத் திறந்தோம். அரை மணி நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது.

"இன்றைக்குப் பதிலோடு ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் எல்லாம் நலம்தானே?"

"ஓம்" என்றேன், வாய் தவறித் தமிழில். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒன்று சொல்லவா?" என்றார். "உங்கள் நன்றியை நான் அச்செடுத்து இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை."

8

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். விசா, எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் தாண்டிப்போய் அம்மா ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டா.

"அப்ப இனி அந்த மனிசிக்கு மொட்டையாத்தான் பதில் அனுப்புவியளோ?"

"ஓம் அம்மா. அதுதான் சட்டம்."

"சட்டம் இயந்திரத்துக்கு. உனக்குக் கை இல்லையே? தபாலில ஏதாவது அனுப்பன்."

அனுப்பினேன். அன்றே பயறு வறுத்தேன். அபி தன் கணினியை விட்டுக் கீழே வந்து, கேட்காமலே சர்க்கரை சுரண்டித் தந்தாள். பயற்றம் பணியாரம் பத்து நாள் கெடாது. ஒரு தகரப் பேணியில் அடுக்கி, மூடியை நூலால் கட்டி, டோரத்தியின் கிளினிக் விலாசத்தை எழுதினேன். கட்டும்போது அபி ஏன் இப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டாள். அப்படித்தான் ஜப்பார் நானாவின் கதை அவளுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பொதி வந்தது. நான் வேலையால் வரும்போது அபி அதை மேசையில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். மேலே டோரத்தியின் உருண்டைக் கையெழுத்து.

"அம்மா" என்றாள். "பேணி. ஆட்டிப் பார்த்தன். சத்தமில்லை." தமிழில்தான் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நிலத்தில் இருந்துவிடுவேனோ என்று பயந்ததுபோல.

திறந்தேன். ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த பேணி, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கியது. கொஞ்சநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு பக்கென்று அடிக்கவில்லை.

அம்மாவுக்கு எடுத்தேன்.

"என்ன வைச்சு அனுப்பினவ?" என்று முதலில் அதைத்தான் கேட்டா.

"ஒண்டுமில்லை அம்மா. எல்லாம் சுகமாம்."

கம்பியின் அந்தப் பக்கத்தில் அம்மா யோசிப்பது எனக்குக் கேட்டது.

"பேணி கழுவிக் கிடக்கோ?"

"ஓம். நல்லாக் கழுவிக் கிடக்கு."

"அப்ப சாப்பிட்டிருக்கிறா" என்றா அம்மா.